புகைக்குழாய் வெப்பமானியின் முள் எங்கே நிற்க வேண்டும்? பால் காய்ச்சும் அடுப்பில் தார் ஒழுகுகிறது

தயிர்ச்சட்டி (வெல்லாவெளி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் குடும்பம் எருமைப் பாலைக் காய்ச்சித் தயிர் உறையவைத்து, களுவாஞ்சிகுடிச் சந்தைக்கும் மட்டக்களப்பு நகரத்துக் கடைகளுக்கும் கொடுத்துவருகிறது. சில காலம் எரிவாயுவில் காய்ச்சினோம். 2022 இல் எரிவாயுவுக்காக மக்கள் வரிசையில் நின்ற நாட்களில் விறகுக்குத் திரும்பி, செங்கல்லால் மூடிய அடுப்பொன்றைக் கட்டுவித்தோம். மேலே 60 லீற்றர் கிடாரம் இடைவெளியின்றி அமர்கிறது. முன்பக்கத்தில் இரும்புக் கதவும் அதன் அடியில் காற்று விடுவதற்கு இழுத்துத் திறக்கும் தகடும் உண்டு. பின்பக்கத்திலிருந்து 5 அங்குலக் கல்வனைசுக் (துத்தநாக முலாம் பூசிய இரும்புக்) குழாய் புறப்பட்டு, ஒரு முழங்கை வளைவுடன் நிமிர்ந்து, சீற் கூரையைத் துளைத்து வெளியே போகிறது. குழாயின் மொத்த உயரம் ஏறத்தாழ 4 மீற்றர்.

கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் ஒரு தொல்லையும் இல்லை. மாரி தொடங்கியதும் குழாயின் பொருத்துகளிலிருந்து கபிலமும் கறுப்புமான ஒரு நீர் கசிந்து, முழங்கை வளைவால் வழிந்து நிலத்தில் சொட்டுகிறது. காய்ந்த இடத்தில் அது கீல்போல் பளபளத்து ஒட்டிக்கொள்கிறது, சுரண்டினாலும் வருவதில்லை. கிடாரத்தின் மூடியிலும் ஒரு சொட்டு விழுந்ததைக் கண்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பாலில் அது விழுந்தால் அன்றைய தயிர் முழுவதும் புகை மணத்துடன் திரும்பி வந்துவிடும்.

நோர்வேயிலிருந்து வந்திருந்த கணவரின் தமையனார், குழாயில் காந்தத்தால் ஒட்டும் வட்ட வெப்பமானி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அதில் மூன்று பகுதிகள் உள்ளன: சுமார் 110 பாகை செல்சியசுக்குக் கீழே ஒரு நிறம், அங்கிருந்து 245 வரை இன்னொரு நிறம், அதற்கு மேலே சிவப்பு. எங்கள் அடுப்பில் முள் பெரும்பாலும் 80க்கும் 90க்கும் இடையிலேயே நிற்கிறது. சிரட்டை அள்ளிப் போட்டால் ஒரேயடியாக 280ஐத் தாண்டுகிறது, அப்போது கூரையில் குழாயை அண்டிய தென்னங்கைமரத்திலிருந்து ஒரு வாடை வருகிறது.

குழாயைக் கையால் தொடக்கூடியதாக இருந்தால்தான் சூடு முழுவதும் கிடாரத்துக்குப் போகிறது என்று பொருள், முள் மேலே ஏறினால் விறகு கூரைக்கு மேலே போகிறது என்று பொருள் என்பது மாமியின் கணக்கு. அது நியாயமாகத்தான் படுகிறது. அப்படியானால் வெப்பமானி சொல்லும் நடுப்பகுதியில் முள்ளை நிறுத்துவது விறகை வீணாக்குவதாகாதா? குளிர்நாட்டு அடுப்புக்காகச் செய்த இந்த அளவுகோல் எங்கள் காலநிலைக்குப் பொருந்துமா? வெப்பமானியைக் குழாயில் எந்த உயரத்தில் ஒட்ட வேண்டும்? இப்போது அது முழங்கைக்கு மேலே, என் கண்ணுக்கு நேரே இருக்கிறது.

வடகடல் (பேர்கன், நோர்வே) எழுதியது:

தங்கைக்கு வணக்கம். எங்கள் வீட்டில் வருடத்தில் பாதிக் காலம் விறகு அடுப்பு எரிகிறது, ஊரில் எனது தாய்வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். ஆகவே இரண்டு அடுப்புகளையும் அறிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காந்த வெப்பமானி குழாயின் வெளித்தோலின் வெப்பநிலையையே காட்டுகிறது. உள்ளே ஓடும் புகை அதைவிட மிகவும் சூடானது. ஒற்றைத் தகட்டுக் குழாயில் உட்புகையின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை இருக்கும் என்று கொள்வது வழக்கம். தோலில் 115 காட்டும்போது உள்ளே 200ஐ அண்டிய புகை ஓடுகிறது. உங்கள் தோல் 85 என்றால் உட்புகை 130 முதல் 170 வரை இருக்கலாம், ஆனால் அது அடுப்படியில்தான். அங்கிருந்து 4 மீற்றர் மேலே ஏறுவதற்குள், அதுவும் மழையில் நனைந்த கூரைக்கு வெளியே நிற்கும் துண்டில், புகை மேலும் குளிர்ந்துவிடுகிறது. குழாயின் நுனியில் புகை 120 பாகைக்குக் கீழே இறங்கினால் அதிலுள்ள எரியாத தார் ஆவிகள் உட்சுவரில் படியத் தொடங்கும். 50, 60 பாகையளவுக்கு இறங்கினால் நீராவியும் சேர்ந்து நீராகும். உங்கள் பொருத்துகளில் வழிவது இந்த இரண்டின் கலவை. இங்கே இதைக் கிரியசோட் என்பார்கள்.

சொட்டுவது அருவருப்பு மாத்திரமே. உட்சுவரில் தங்கிக் காய்ந்து பளபளக்கும் படிவுதான் ஆபத்து, ஏனெனில் அது எரிபொருள். ஒரு நாள் நீங்கள் சிரட்டையைப் போட்டு முள் 280ஐத் தாண்டும் வேளையில் அந்தப் படிவு பற்றிக்கொண்டால், குழாய்க்குள்ளே 1000 பாகைக்கு மேற்பட்ட தீ இரைச்சலுடன் எரியும். நாள் முழுவதும் குளிராக எரித்துத் தாரைச் சேர்த்துவிட்டு, இடையிடையே கடும் தீயால் அதைச் சுடுவதைவிட மோசமான எரிப்பு முறை கிடையாது.

வெப்பமானியை அடுப்பிலிருந்து குழாய் புறப்படும் இடத்துக்கு மேலே 45 சென்ரிமீற்றர் அளவில், நேரான துண்டில் ஒட்டுங்கள். முழங்கையை ஒட்டி வைக்கக்கூடாது. வளைவின் வெளிப்பக்கத்தில் புகை மோதுவதால் ஒரு எண்ணும், உட்பக்கத்தில் வேறொரு எண்ணும் கிடைக்கும். உங்கள் குழாய் எவர்சில்வராக இருந்திருந்தால் காந்தம் பெரும்பாலும் ஒட்டியே இராது. கல்வனைசு இரும்பு என்பதால் அந்தப் பிரச்சினை உங்களுக்கில்லை.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சையாக வெட்டிய மரத்தில் நிறையின் பாதியளவு நீர் இருக்கும். நறுக்கிய துண்டொன்றில் அடையாளம் இட்டு, கடைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள்; நிறை குறைவது நின்றுவிட்டால் அந்தக் குவியல் காற்றில் உலரக்கூடிய அளவு உலர்ந்துவிட்டது. மாரிக்கான விறகை ஆடிக்குள் பிளந்து, பக்கங்கள் திறந்த கொட்டிலில் அடுக்கிவிட வேண்டும். முழுக்கட்டையாக அடுக்கி வைத்தால் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கல்முனைப் பட்டறை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பேர்கன் அண்ணர் தீயைப் பற்றிச் சொன்னார், நான் தகட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

சகோதரி, உங்கள் குழாயில் பொருத்துகளால் வெளியே ஒழுகுகிறது என்றால், துண்டுகள் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன என்பது நிச்சயம். நம்மூரில் குழாய் பூட்டுகிறவர்கள் வெளியே மழைநீர் உள்ளே போகாதபடி மேல் துண்டைக் கீழ்த் துண்டின் வெளியே மாட்டிவிடுகிறார்கள். அடுப்புக் குழாயில் அது நேர்மாறாக இருக்க வேண்டும். மேல் துண்டின் சுருக்கிய வாய் கீழ்த் துண்டுக்கு உள்ளே நுழைய வேண்டும். அப்போது உட்சுவரில் இறங்கும் தார் குழாய்க்குள்ளேயே வழிந்து அடுப்பறைக்குத் திரும்பி எரிந்துபோகும். மழைநீரைத் தடுப்பதற்குக் கூரை மட்டத்துக்கு மேலே ஒரு கழுத்துத் தகடும் நுனியில் ஒரு குடையும் போதும். இது தாரைக் குறைக்காது, பாலைக் காப்பாற்றும். தாரைக் குறைப்பது மேலே சொன்ன வேலைதான்.

இரண்டாவது, கல்வனைசுத் தகடு. நாகமுலாம் 200 பாகையைத் தொடர்ந்து தாண்டினால் உரியத் தொடங்கும். நாகமே உருகுவது 419 பாகையில். உங்கள் முள் 280 என்றால் அடுப்பை அடுத்த முதல் மீற்றரில் முலாம் இருந்த சுவடும் இராது, தகடு துருப்பிடித்துக்கொண்டிருக்கும். வெளிப்பார்வைக்குத் தெரியாது, சுத்தியலின் காம்பால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். அந்த முதல் துண்டையும் முழங்கையையும் 2 மில்லிமீற்றர் கறுப்பு இரும்புத் தகட்டில் செய்து, மேலே உள்ளதை அப்படியே விடலாம். கல்வனைசுத் துண்டின் மீது நேரடியாக வெல்டிங் செய்ய யாரையும் விடாதீர்கள். நாகப் புகையை மூச்சில் இழுத்தவர் அன்றிரவு காய்ச்சலில் படுப்பார்.

மூன்றாவதுதான் முக்கியம். கைமரத்திலிருந்து வாடை வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் இடையில் 18 அங்குலம் வெளி இருக்க வேண்டும். மாதக்கணக்கில் சூடு தின்ற மரம் உள்ளுக்குள் கரியாக மாறி, புதிய மரம் பற்றுகிற வெப்பநிலைக்கு மிகக் கீழேயே பற்றிக்கொள்ளும். அந்தக் கைமரத்தின் குழாய்ப் பக்கத்தைக் கத்தியால் சுரண்டி, எவ்வளவு ஆழத்துக்கு நிறம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்த்து எழுதும் வரை சிரட்டை போட வேண்டாம்.

தயிர்ச்சட்டி எழுதியது:

பேர்கன் அண்ணாவுக்கும் கல்முனைக் காக்காவுக்கும் மிக்க நன்றி. கைமரத்தைச் சுரண்டிப் பார்த்தோம்: கத்தி நுனி அரை அங்குலம் இறங்கும் வரை கபில நிறம், அதற்குப் பிறகே வெள்ளை. குழாய்க்கும் மரத்துக்கும் இடையில் என் உள்ளங்கை மட்டுமே நுழைகிறது. துண்டுகளும் காக்கா சொன்னபடியே மாறித்தான் பூட்டப்பட்டிருக்கின்றன.

வெப்பமானியைக் கீழே இறக்கி ஒட்டி, கொட்டிலில் கிடந்த பழைய வேப்பம் விறகால் எரித்துப் பார்த்தேன். முள் 150 வரை வந்தது, புகையும் கூரைக்கு மேலே தெரியவில்லை. ஆனால் ஒன்று விளங்கவில்லை. தீ நன்றாகப் பிடித்த பிறகு, இன்னும் நன்றாக எரியட்டும் என்று அடுப்புக் கதவைத் திறந்துவிட்டேன். தீயின் நாக்கு பெரிதானது, முள்ளோ 150 இலிருந்து 105க்கு இறங்கியது. பால் பொங்கவும் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. பெரிய தீயில் எப்படிக் குழாய் குளிரும்?

ஆலைக்காரன் (சம்மாந்துறை) எழுதியது:

மகளே, அந்தக் கடைசிக் கேள்விதான் இந்த விடயத்தின் நடுமுள். நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமி போட்டுக்கொண்டே என் வேலைக்காலம் கழிந்தது. கொதிகலனின் புகைக்கூண்டிலும் ஒரு வெப்பமானி உண்டு. அதைப் படிக்கக் கற்றவனுக்கு அடுப்பின் உள்ளே நடப்பது அனைத்தும் தெரியும், படிக்கத் தெரியாதவன் அதைப் பார்த்து ஏமாந்துபோவான். ஏனெனில் அது வெப்பநிலையை மட்டுமே காட்டும். எவ்வளவு காற்று அந்த வழியாகப் போகிறது என்பதைக் காட்டாது.

கதவைத் திறந்தபோது, எரிவதற்குத் தேவையானதைப்போல் பல மடங்கு காற்று உள்ளே புகுந்தது. அதில் பெரும்பகுதி எரிப்பில் கலந்துகொள்ளாமல், தீயிடமிருந்தும் கிடாரத்தின் அடியிடமிருந்தும் சூட்டை வாங்கிக்கொண்டு நேரே குழாயால் வெளியேறியது. ஆகவே புகையின் வெப்பநிலை குறைந்தது, அது சுமந்துசென்ற மொத்தச் சூடோ கூடியது. பால் தாமதித்ததற்கு அதுவே காரணம். முள் 105இல் நிற்பதற்கு இரண்டு வெவ்வேறு வழிகள் இருக்கின்றன: ஒன்று ஈர விறகு மூச்சுத் திணறிப் புகைவது, மற்றது நல்ல தீயில் குளிர்காற்று அளவுக்கு மிஞ்சிக் கலப்பது. முதலாவதில் கூரைக்கு மேலே கனத்த வெண்புகையோ மஞ்சட்புகையோ இருக்கும், இரண்டாவதில் புகையே இராது. முள்ளைப் பார்த்தவுடன் வெளியே போய்க் குழாயின் நுனியையும் பாருங்கள். இரண்டையும் சேர்த்தால்தான் வாசிப்பு முழுமையாகும். செங்கற் பூச்சில் வெடிப்பு இருந்தாலும் கிடாரம் சரியாக அமராவிட்டாலும் இதே காற்று களவாக நுழையும். ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த இடங்களுக்கு அருகே பிடித்தால், புகை உள்ளே இழுபடும் இடம் தெரிந்துவிடும். களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசுங்கள்.

இனி உங்கள் மாமியின் கணக்கு. அவர் சொல்வதில் பாதி உண்மை. கொதிகலன்களில் காற்றின் அளவு மாறாதிருக்கும்போது புகைக்கூண்டு வெப்பநிலையை ஏறத்தாழ 20 பாகை குறைத்தால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சப்படும் என்பது பழகிய கணக்கு. உங்கள் முள் 200 இலிருந்து 150க்கு வந்தால் அந்த வகையில் சிறு இலாபம்தான். அதற்குக் கீழே போகப் போக இலாபம் நின்று நட்டம் தொடங்குகிறது, ஏனெனில் குழாயின் சூடு வீணாகும் சூடு மட்டுமன்று, அதுவே அடுப்புக்குக் காற்று இழுக்கும் விசை.

உங்கள் 4 மீற்றர்க் குழாய்க்கு நானே கணக்கிட்டேன். வெளிக்காற்று 30 பாகை, குழாயின் உட்புகை சராசரியாக 150 பாகை என்றால், கிடைக்கும் இழுவை ஏறத்தாழ 13 பசுக்கால் (அமுக்கத்தை அளக்கும் அலகு). உட்புகை 80க்கு இறங்கினால் அது ஆறரைப் பசுக்கால், அதாவது சரிபாதி. அதே குழாய் பேர்கனில் பூச்சியப் பாகைக் குளிரில் நின்றால் 150 பாகைப் புகைக்கு 18 பசுக்கால் கிடைக்கும். நமது வெக்கையில் இழுவை இயல்பாகவே நலிந்தது. ஆகவே அந்த நாட்டவர் வைத்துக்கொள்ளும் கீழெல்லையைவிடச் சற்று மேலே நாம் நிற்பதுதான் பொருத்தம். தோலில் 130 முதல் 180 வரை என்று வைத்துக்கொண்டால் உங்கள் அடுப்புக்குச் சரியாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். இழுவை குறைந்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் தீ மங்கும், தீ மங்கினால் குழாய் மேலும் குளிரும்; ஈர விறகு போட்ட மாரிக்காலக் காலையில் அடுப்பு முன்வாயால் புகைவது இதனால்தான்.

ஈர விறகு விடயத்திலும் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பாதி நீரான ஒரு கிலோகிராம் பச்சை விறகில் எரியக்கூடிய அரைக் கிலோ மரம் ஏறத்தாழ 9 மெகாயூல் (சூட்டை அளக்கும் அலகு) தரும். மற்ற அரைக் கிலோ நீரை ஆவியாக்க ஒன்றேகால் மெகாயூல் அளவே போதும். கணக்கில் பார்த்தால் இது பெரிய நட்டமாகத் தெரியாது. உண்மையான நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. விறகு சூடேறும்போது வெளிவிடும் ஆவிகள்தான் தீயின் பெரும்பகுதி, அவை முழுமையாக எரிய அடுப்பறை 600 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை அடுப்பறை அந்த வெப்பநிலையை எட்டாது, ஆவிகள் எரியாமலே குழாயில் ஏறித் தாராகப் படிகின்றன. உங்கள் முழங்கையில் சொட்டியது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விறகின் ஒரு பங்கு.

அளவுக்கு ஒன்று சொன்னால், 60 லீற்றர் பாலை 30 பாகையிலிருந்து 90 பாகைக்குக் கொண்டுவர 14, 15 மெகாயூல் போதும். உலர்ந்த விறகு ஒரு கிலோகிராமில் அது இருக்கிறது. நடைமுறையில் நீங்கள் அதைப்போல் நான்கைந்து மடங்கு எரிப்பீர்கள். அடுப்பின் செங்கல்லுக்கும் குழாய்க்கும் பாலைக் கொதியில் வைத்திருப்பதற்கும் போகும் சூட்டைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். எட்டு, பத்து மடங்கு என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

தீ மூட்டும் முறையையும் மாற்றுங்கள். குளிர்ந்த பால் நிரம்பிய கிடாரம் தீயின் தலையில் வைத்த ஈரத்துணி போன்றது. புகை மிகுதியாக இருக்கும் தொடக்க நேரத்தில்தான் அது மிகுதியாகச் சூட்டை உறிஞ்சும். கிடாரம் கழுவுவதற்கு எப்படியும் சுடுநீர் தேவைப்படும் அல்லவா? முதலில் அதில் சிறிதளவு நீரை வைத்து, மெல்லிய காய்ந்த சுள்ளிகளால் தீ வளர்த்து, முள் 130ஐத் தொட்ட பிறகு அந்த நீரால் பாத்திரங்களைக் கழுவிவிட்டுப் பாலை ஊற்றுங்கள்.

கடைசியாக, ஒரு நாளின் எண்ணைவிடப் பல நாட்களின் போக்கே பயன் தரும். ஒரே அளவு பால், ஒரே விறகு, பொங்கும் தறுவாயில் முள் எங்கே நிற்கிறது என்று சுவரில் கரியால் குறித்துவாருங்கள். வாரங்கள் போக அது மெல்ல மெல்ல ஏறினால், கிடாரத்தின் அடியில் கரி தடித்துவிட்டது, சூடு பாலுக்குள் நுழையாமல் குழாய்க்குப் போகிறது என்று அர்த்தம். கொதிகலன் குழாய்களைச் சுரண்டும் நாளை நாங்கள் இப்படித்தான் அறிந்தோம். மாறாக, அது இறங்கிக்கொண்டே வந்து புகையும் முன்வாயால் வரத் தொடங்கினால், அடைப்பு குழாய்க்குள்.

வடகடல் எழுதியது:

ஐயாவின் இழுவைக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் 130 முதல் 180 என்ற எல்லை எல்லா அடுப்புக்கும் பொருந்தும் என்று வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. இங்கே 1998 முதல் புதிதாகப் பொருத்தும் அடுப்புகள் அனைத்தும் புகையை இரண்டாவது தடவை எரிக்கும் அமைப்புடையவையாக இருக்க வேண்டும். அவற்றில் புகை தூய்மையாக வருவதால் தோல் 120இல் நின்றாலும் தார் குறைவு. படுவான்கரை அடுப்பில் அந்த வசதி இல்லை என்பதால் ஐயா சொல்வது அங்கே சரி.

வேறொன்று: சிலர் காய்ச்சல் பார்ப்பதுபோலத் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியால் குழாயைச் சுட்டுப் பார்க்கிறார்கள். பளபளப்பான கல்வனைசுத் தகட்டில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும், ஏனெனில் மினுங்கும் உலோகம் கதிர்ப்பைக் குறைவாகவே வெளிவிடும். வெப்பம் தாங்கும் கறுப்பு வண்ணத்தால் ஒரு ரூபாய் நாணயமளவு புள்ளிகளைக் குழாயின் அடியிலும் கூரைக்குச் சற்றுக் கீழேயும் இட்டு, நெருங்கி நின்று அந்தப் புள்ளிகளையே அளந்தால் நம்பலாம். அடியில் 150ம் மேலே 70ம் வந்தால், குழாய் வழியில் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பது வெளிச்சமாகிவிடும்.

களுவாஞ்சிகுடித் தாதி எழுதியது:

எல்லோரும் தீயின் உச்சத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். தணல் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தில் புகை கண்ணுக்குத் தெரியாது, குழாய் குளிர்ந்து இழுவையும் குறைந்துவிடும். அந்த நேரத்தில்தான் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு மிகுதியாக வரும். அதற்கு மணமில்லை. மாரியில் சாரலுக்காகக் கதவு யன்னல் அனைத்தையும் சாத்திவிட்டு, சூடு வீணாகக்கூடாதென்று குழாயின் அடைப்புத் தகட்டையும் மூடிவிடும் வீடுகள் உண்டு. தணல் முற்றாக அணையும் வரை அந்தத் தகட்டை மூடக்கூடாது. அடுப்படியில் நிற்பவர்களுக்குத் தலையிடியும் குமட்டலும் ஒன்றாக வந்தால் உடனே வெளியே அழைத்துச் செல்லுங்கள். உறைந்த தயிருக்குக் காவலாகப் பிள்ளைகளை அந்த அறையில் படுக்கவிடுவதையும் கண்டிருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

தயிர்ச்சட்டி எழுதியது:

அக்கா சொன்னதை மாமியிடம் வாசித்துக் காட்டினேன், அடைப்புத் தகட்டில் கம்பி கட்டித் திறந்தபடி நிறுத்திவிட்டார். பிறகு ஐயாவின் பசுக்கால் கணக்கையும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

காக்காவிடம் இன்னும் இரண்டு கேள்விகள். கைமரத்தை வெட்டி நகர்த்தினால் கூரை தாங்குமா என்று மேசன் தயங்குகிறார். வேறு வழி உண்டா? மேலும், கடற்கரையில் ஒதுங்கும் மரமும் பழைய தோணிப் பலகையும் மலிவாகக் கிடைக்கின்றன, நன்றாகக் காய்ந்தவைதான். அவற்றை எரிக்கலாமா?

கல்முனைப் பட்டறை எழுதியது:

கடலில் ஊறிய மரத்தை எவ்வளவு காய்ந்திருந்தாலும் எரிக்காதீர்கள். அதிலுள்ள உப்பு புகையில் அமிலமாகிக் குழாயைத் தின்னும். கரையோர வீடுகளில் குழாய்கள் எவ்வளவு விரைவாக ஓட்டையாகின்றன என்பதை நான் மாற்றிக்கொடுத்த துண்டுகளில் பார்க்கிறேன். தோணிப் பலகையில் வண்ணமும் கீலும் வேறு இருக்கின்றன, பால் காய்ச்சும் இடத்தில் அந்தப் புகைக்கு வேலையில்லை.

கைமரத்தை வெட்ட வேண்டாம், குழாயை நகர்த்துவோம். முழங்கைக்குப் பிறகு சுவர்ப்பக்கமாகச் சாய்வான ஒரு துண்டு போட்டால், இரண்டு கைமரங்களின் நடுவே குழாய் வந்துவிடும். சாய்வு 45 பாகைக்கு மேல் படுக்கக்கூடாது, படுத்தால் கரி தேங்கும். அப்படியும் 18 அங்குலம் கிடைக்காத பக்கத்தில், மரத்துக்கு முன்னால் ஒரு அங்குலம் விலக்கி, மேலும் கீழும் காற்று ஓடும்படி தகரத் தடுப்பொன்றைத் தொங்கவிடலாம். தடுப்பு இருந்தால் தூரத்தைக் குறைக்கலாம் என்பது விதியாக இருந்தாலும், 9 அங்குலத்துக்குக் கீழே நான் பூட்டித்தர மாட்டேன். கரியான அந்தக் கைமரத்தின் பக்கத்தில் புதிய மரமொன்றைச் சேர்த்து ஆணியடித்து, பழையதன் கரிந்த பகுதியைச் செதுக்கி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பழைய சீற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். புதிய துளை போடும்போது முதலில் நீர் தெளித்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு கைவாளால் அறுக்க வேண்டும். மின்வாள் வைத்தால் தூசு வீடு முழுவதும் பரவும். பழைய துளையைத் தகரத்தால் மூடிவிடலாம்.

இப்போதுள்ள படிவை எரித்துப் போக்க முயலாதீர்கள். குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி, வெளியே வைத்துச் சங்கிலியை உள்ளே விட்டுக் குலுக்கி எடுங்கள். பளபளப்பாக ஒட்டியிருப்பது சங்கிலிக்கு வராது, அந்தத் துண்டுகளை மாற்றத்தான் வேண்டும். தப்பித்தவறிக் குழாய்க்குள் தீ பிடித்தால் காற்றுத் தகட்டையும் கதவையும் இறுக மூடி, ஆட்களை வெளியேற்றி, தீயணைப்புக்கு அழையுங்கள். சூடான செங்கல்லிலும் குழாயிலும் நீர் ஊற்றினால் அவை வெடிக்கும்.

வெப்பமானியையும் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டியில் நீர் கொதிக்கும்போது, நீர்மட்டத்துக்குக் கீழே சட்டியின் வெளிப்பக்கத்தில், தீ நேரடியாகப் படாத இடத்தில் ஒட்டினால் 100ஐ அண்டிக் காட்ட வேண்டும். பத்துப் பாகை முன்பின் இருந்தால் அதை மனத்தில் வைத்துக்கொண்டு பாவிக்கலாம், முப்பது என்றால் தூக்கி வையுங்கள்.

வேலைக்கு முன் குழாயின் வெளிச்சுற்றை ஒரு நூலால் அளந்து இங்கேயே எழுதுங்கள். பதினைந்தே முக்கால் அங்குலத்தை அண்டி வந்தால் அது 5 அங்குலக் குழாய். பன்னிரண்டரை வந்தால் 4 அங்குலக் குழாயை 5 என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அப்படியானால் புதிய துண்டுகளை அடுப்பின் வாயிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.